வாலுக்கும் விலை: குதிரையின் கால், சூட்டுக்கோல், குருத்தணு

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஜயநகரப் பேரரசைக் கைப்பற்றிய சாளுவ நரசிம்மன், அதற்கு முன்பு சந்திரகிரியை மையமாகக் கொண்டு ஆண்டவன். இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் நிலம் அவனுடைய சொந்த நிலம். தெலுங்கின் மூங்கிலும் தமிழின் குப்பமும் ஒரே பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெதுருகுப்பம் போன்ற எல்லையூர்கள் அந்தக் கோட்டையின் சுற்றுவட்டத்தில் இருப்பவை. இந்த மன்னனைப் பற்றிப் போர்ச்சுக்கீசியரான பெர்னாவோ நூனிஸ் 1530களில் எழுதிய குறிப்பொன்று, குதிரை வைத்தியத்தின் வரலாற்றைப் பயில்வோர் தவறவிடக் கூடாதது. ஹோர்முஸிலிருந்தும் ஏதனிலிருந்தும் குதிரைகளை வரவழைத்த நரசிம்மன், ஆயிரம் பர்தாவுக்கு மூன்று குதிரை என்ற கணக்கில், உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் வாங்கிக்கொண்டானாம். நடுக்கடலில் இறந்த குதிரைக்கு வாலைமட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். உயிருள்ள குதிரைக்குரிய விலையே கிடைக்கும்.

இதை மன்னனின் தாராளத்துக்கு அடையாளமாகக் காட்டுவோர் உண்டு. முட்டாள்தனம் என்று சிரிப்போரும் உண்டு. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். பாமினி அரசோடு ஓயாத போட்டியில் இருந்த ஓர் ஆட்சியாளன், வணிகனின் கடல் நட்டத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, கப்பல்களைத் தன் துறைமுகங்களின் பக்கம் திருப்பிக்கொள்கிறான். இன்றைய மொழியில் சொன்னால் இது ஒருவகைக் கடற்காப்பீடு. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. வாலுக்கு விலை கிடைக்குமென்றால், கப்பலில் குதிரையைப் பேணுவதற்குச் செலவிட வணிகனுக்குக் காரணம் குறைந்துவிடுகிறது. விலங்கு கெட்டால் நட்டம் யாருக்கு என்ற கேள்வியே, அந்த விலங்குக்கு வைத்தியம் நடக்குமா, என்ன வைத்தியம், எத்தனை நாள் என்பதையெல்லாம் தீர்மானித்திருக்கிறது. பாமினிப் போட்டிக் காலத்துக்கும் இன்றைய ஐரோப்பியப் பந்தயக் குதிரைக்குச் செலுத்தப்படும் குருத்தணு ஊசிக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் கேள்விமட்டும் மாறவில்லை.

நூனிஸின் கூற்று தனித்து நிற்பதன்று. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டிய நாட்டுக் குதிரை வணிகத்தைப் பற்றி இதே செய்தியைப் பதிவுசெய்கிறார். கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுதீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மாபாருக்கு, அதாவது தமிழகக் கடற்கரைக்கு, அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். வழியில் இறந்தவற்றுக்கும் அரசுக் கருவூலம் பணம் கொடுத்தது. மற்றத் துறைமுகங்களிலிருந்து வந்தவற்றையும் சேர்த்து ஒரு காலத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இறங்கின என்கிற அவரது எண்ணிக்கையை அப்படியே ஏற்கத் தயங்க வேண்டும். பெரிய எண்கள்மீது அவருக்கு ஆசை அதிகம். ஆனால் வெவ்வேறு மொழியில், வெவ்வேறு நூற்றாண்டில், ஒருவரையொருவர் அறியாத இருவர், இறந்த குதிரைக்கும் விலை உண்டு என்ற ஒரே ஏற்பாட்டைச் சொல்வதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

1290களின் தொடக்கத்தில் இக்கரையைக் கடந்த மார்க்கோ போலோ சொல்வது இன்னும் கடுமையானது. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை மன்னன் வாங்குகிறான். அவன் சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள். ஆண்டு முடியும்போது நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை. அவர் கூறும் காரணம், குதிரையைப் பேணத் தெரிந்தவர் இந்நாட்டில் இல்லை என்பது. அதோடு, குதிரை கொண்டுவரும் வணிகர்கள் லாடக்காரர்களை அழைத்து வருவதில்லை, வருபவரையும் தடுக்கிறார்கள், குதிரைகள் சாகச் சாகத்தான் விற்பனை நிற்காமல் நடக்கும் என்று சேர்த்துச் சொல்கிறார். அன்றைய ஐரோப்பாவில் லாடம் அடிப்பவரே குதிரை வைத்தியர் என்பதை நினைவில் கொண்டு இதைப் படிக்க வேண்டும். நல்ல ஆண்குதிரையும் நல்ல பெண்குதிரையும் சேர்ந்தாலும் இங்கே கோணற்கால் குட்டியே பிறக்கிறது என்றும் அவர் எழுதுகிறார். வேகவைத்த சோறும் இறைச்சியும் தீவனமாகக் கொடுக்கப்பட்டதாக அவர் சொல்வதை வஸ்ஸாஃபின் வறுத்த தானியம், வெண்ணெய், பால் ஆகியவற்றோடு வைத்துப் பார்த்தால், புல்வெளியும் பார்லியும் இல்லாத வெப்ப நாட்டில் பாலைவனக் குதிரையை எப்படியாவது கொழுக்கவைக்க முயன்ற ஒரு காட்சி கிடைக்கிறது. வணிகர்களிடம் கேட்டு எழுதியவர் வணிகர்களையே குற்றம் சாட்டுகிறார் என்பதால், அவர் கூற்றின் அந்தப் பகுதி நம்பகம் கூடியது.

இந்நாட்டில் குதிரையைப் பேணத் தெரிந்தவர் இல்லை என்பது மட்டும் பொருந்தாது. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை அறியும். மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகளைச் சோழர் கல்வெட்டுகள் அறியும். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவிட்ட கதையை அறியாத தமிழர் இல்லை. அந்தக் கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஆவுடையார்கோயிலில் குதிரைச் சிற்பங்கள் நிற்கின்றன. மருத்துவத்துக்கு வந்தால், சாலிஹோத்திரர் பெயரில் வழங்கும் மரபும், நகுலன் பெயரிலான அசுவ சாத்திரமும், ஜயதத்தரின் அசுவ வைத்தியகமும் வடமொழியில் நெடுங்காலம் புழங்கியவை. நகுலனின் நூலை வண்ணப் படங்களோடு தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்தது. சாலிஹோத்திரர் பெயர் திரிந்து, உருதுவில் குதிரை வைத்தியருக்கு ‘சலோத்ரி’ என்றே பெயராயிற்று. ஆங்கிலேயரின் குதிரைப்படையிலும் அந்தப் பெயரோடு ஆட்கள் வேலை செய்தார்கள். 1788இல் ஜோசப் ஏர்ல்ஸ் என்பவர் கல்கத்தாவில் வெளியிட்ட குதிரை நூலின் தலைப்பிலேயே ‘சலோதர்’ என்ற சொல் இருக்கிறது. நூலும் இருந்தது, ஆளும் இருந்தார். சலோத்ரியின் அறிவு கப்பலேறி ஹோர்முஸுக்குப் போகவில்லை. கப்பலில் குதிரையைக் கொண்டுவந்தவருக்கு அது தேவைப்படவுமில்லை.

அந்த நூல்கள் குதிரையின் கால்மீது இத்தனை கவனம் செலுத்தியதற்கு உடற்கூற்றில் காரணம் இருக்கிறது. முன்காலில் நாம் முட்டி என்று சொல்வது உண்மையில் மனிதரின் மணிக்கட்டுக்கு ஒப்பானது. அதற்குக் கீழே தசை என்று சொல்லத்தக்கதே இல்லை. எலும்பு, அதன் பின்புறம் கயிறுபோல் ஓடும் தசைநாண்கள், முடிவில் ஒற்றை விரலின் நகமாகிய குளம்பு, அவ்வளவுதான். மேலே உள்ள தசை இழுக்க, கீழே உள்ள நாண் வில்லின் நாணைப்போல் நீண்டு, சக்தியைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. குதிரை குறைந்த செலவில் வேகமாக ஓடுவதன் இரகசியம் இதுவே. நாலுகால் பாய்ச்சலில் பின்புறத்து மேலோட்ட மடக்குத் தசைநாண் தன் நீளத்தில் 16 விழுக்காடு வரை நீள்கிறது. அது அறும் எல்லைக்கு மிக அருகிலான அளவு. ஒவ்வொரு நீட்சியிலும் ஒரு பங்கு சக்தி வெப்பமாகிறது. ஓடும் குதிரையின் தசைநாண் மையத்தில் 45 பாகை செல்சியஸ் வரை வெப்பம் உயர்வதை 1990களில் அளந்து காட்டினார்கள். அந்தச் சூட்டைக் கொண்டுபோகும் அளவுக்கு நாணின் நடுப்பகுதியில் இரத்த ஓட்டம் கிடையாது.

ஆகவே குதிரையின் நாண் பெரும்பாலும் ஒரே நாளில் அறுவதில்லை. மாதக்கணக்கில் உள்ளுக்குள் நைந்து, ஒருநாள் நடுவில் குழிவிட்டு வீங்குகிறது. பக்கவாட்டில் பார்த்தால் கால் வில்லாக வளைந்து தெரியும். ஆங்கிலக் குதிரைக்காரர்களும் இதற்கு வில்லை வைத்தே பெயரிட்டார்கள். காயம் ஆறத்தான் செய்யும். ஆனால் ஆறிய இடத்தில் பழைய நாண் திரும்ப வருவதில்லை. ஒழுங்காக அடுக்கிய முதல்வகைக் கொலாஜன் இழைகளுக்குப் பதிலாகத் தாறுமாறான தழும்புத் திசு நிரம்புகிறது. அது விறைப்பானது, நீளாது. எனவே அடுத்த பாய்ச்சலில் தழும்புக்கு மேலோ கீழோ மறுபடி நைகிறது. ஒருமுறை நாண் கெட்ட குதிரை மீண்டும் கெடுவது வழக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு உலகெங்கும் மனிதர் கண்ட முதல் வைத்தியம் நெருப்பு. உரோமானிய உலகின் விலங்கு மருத்துவ நூல்களில் சூட்டுக்கோல் உண்டு. சுசுருதர் மனிதருக்கு அக்கினிகருமம் என்று தனி அத்தியாயமே வகுத்தார். நொண்டும் மாட்டுக்குத் தோளில் சூடு போடுவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் வாழும் தலைமுறையின் நினைவில் உள்ள காட்சி. ஐரோப்பாவில் 1762இல் லியோனில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தோன்றிய பிறகும், 1791இல் இலண்டனில் பள்ளி தோன்றிய பிறகும், சூட்டுக்கோல் கைவிடப்படவில்லை. அது பாடத்திட்டத்துக்குள் நுழைந்து மரியாதை பெற்றது. லியோனில் பயின்று ஆங்கிலேயரில் முதல் கால்நடை மருத்துவராகத் தகுதி பெற்ற வில்லியம் மூர்கிராஃப்ட், கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணையை நடத்த 1808இல் பீகாரின் பூசாவுக்கு வந்தார். 1903இல் சென்னை வேப்பேரியில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பிற்காலத்தில் மாடும் கோழியும் ஆடும் நிரப்பிய இந்தத் துறை, தொடக்கத்தில் படைக்கு வேண்டிய குதிரையின் நிழலிலேயே வளர்ந்தது.

சூடு போட்ட மருத்துவர்கள் அறியாமையால் செய்தார்கள் என்று முடித்துவிடுவது எளிது. அவர்களுடைய வாதம் நுட்பமானது. நாட்பட்ட, மந்தமான அழற்சியைக் கூர்மையான அழற்சியாக மாற்றினால் இரத்தம் பெருகி ஆறும் என்பது ஒன்று. சூட்டால் தோல் தடித்து, கட்டுப்போட்டதுபோல் காலைத் தாங்கும் என்பது மற்றொன்று. மூன்றாவதை அவர்கள் உரக்கச் சொல்வதில்லை; ஆனாலும் அனுபவப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டது அதைத்தான்: சூடு போட்ட காலைப் பார்த்தால் உரிமையாளன் குதிரையை ஓட்டத் துணியமாட்டான். பல மாத ஓய்வு தேவை என்று வாயால் சொன்னால் கேட்காதவன், கொப்புளம் கண்ட காலைப் பார்த்தால் கேட்பான். கூலிக்கு உழைப்பதோ பந்தயத்தில் ஓடுவதோ, நிற்கும் குதிரையால் ஒவ்வொரு நாளும் நட்டம். அந்த நட்டத்தை உரிமையாளனை ஏற்கவைக்கும் கருவியாகச் சூட்டுக்கோல் பயன்பட்டது. வலி குதிரைக்கு, பாடம் மனிதனுக்கு.

1983இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயான் சில்வர் குழுவினர் வெளியிட்ட நீண்ட ஆய்வு இந்த மூன்று வாதங்களையும் பிரித்து எடுத்தது. காயப்பட்ட தசைநாணைச் சூடு போட்டும் போடாமலும் ஒப்பிட்டபோது, நாண் ஆறுவதில் சூட்டால் பயன் எதுவும் தெரியவில்லை, தோல்தான் கெட்டது. ஆற்றியது ஓய்வும் காலமும். பிரிட்டனின் கால்நடை மருத்துவர் அவை 1991இல் தசைநாணுக்குச் சூடு போடுவதை நெறிக்குப் புறம்பானது என்று அறிவித்தது. உடனே அது ஓய்ந்துவிடவில்லை. பழக்கப்பட்ட பயிற்சியாளர்கள் பலர், தம் கண்ணால் கண்ட வெற்றிகளை ஆய்வுக்கட்டுரைக்காக விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். அவர்கள் கண்டதும் பொய்யில்லை. சூடு போட்ட குதிரைகள் மீண்டு ஓடியது உண்மை. சூடு போடாமல் அதே காலம் நிறுத்தி வைக்கப்பட்ட குதிரையை அவர்கள் பார்த்ததில்லை, ஏனெனில் அப்படி யாரும் நிறுத்தி வைப்பதில்லை.

1980களில் அல்ட்ராசவுண்ட் கருவி குதிரை லாயத்துக்குள் வந்தது. அதுவரை விரலால் தடவி ஊகித்த காயத்தைத் திரையில் பார்க்க முடிந்தது: வெளிச்சுவர் கெடாத நாணின் நடுவே, கருமையான ஒரு குழி. சூட்டுக்கோலுக்குப் பதில் ஊசி என்ற யோசனைக்கு இடம் கொடுத்தது இந்தப் படமே. நாலாபுறமும் சுவருள்ள குழி, எதை ஊற்றினாலும் வழியாமல் வைத்திருக்கும் இயற்கைக் கிண்ணம்.

எதை ஊற்றுவது என்பதற்கான விடை வேறு திசையிலிருந்து வந்தது. எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களை உருவாக்கும் உயிரணுக்கள் தவிர, எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறவல்ல வேறொரு வகையும் இருப்பதை 1960களிலிருந்து சோவியத் அறிஞர் அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைன் காட்டிவந்தார். அமெரிக்கரான ஆர்னால்ட் கேப்லன் 1991இல் அவற்றுக்கு இடையுறைக் குருத்தணுக்கள் என்ற பொருளில் பெயரிட்டார். ஸ்டெம் செல் என்று பரவலாகச் சொல்லப்படுவதில் இதுவும் ஒரு வகை. கருவிலிருந்து எடுக்கப்படும் குருத்தணுவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது வளர்ந்த விலங்கின் மஜ்ஜையிலும் கொழுப்பிலும் கிடைப்பது. கலிபோர்னியாவில் டக் ஹெர்தெல் என்ற குதிரை மருத்துவர், மார்பெலும்பிலிருந்து உறிஞ்சிய மஜ்ஜையை வளர்ப்பு எதுவுமின்றி அப்படியே காயப்பட்ட தாங்குதசைநாரில் செலுத்தி, நூறு குதிரைகளின் அனுபவத்தை 2001இல் முன்வைத்தார். 2003இல் இலண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியின் ரோஜர் ஸ்மித் குழுவினர், மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, அதே குதிரையின் மேலோட்ட மடக்குத் தசைநாணுக்குள் திருப்பிச் செலுத்திய முதல் நிகழ்வை வெளியிட்டனர். ஏறத்தாழ அதே சமயம் அமெரிக்காவின் வெட்ஸ்டெம் நிறுவனம், வால் அடிப்புறத்துக் கொழுப்பிலிருந்து உயிரணுக்களைப் பிரித்துத் தரும் வணிகச் சேவையைத் தொடங்கியது. நரசிம்மன் காலத்தில் விலைபோன வாலுக்கு மறுபடி மதிப்பு வந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஸ்மித்தின் முறையில் நடப்பவற்றைக் காலக்கணக்கோடு பார்ப்பது பயன் தரும். முதலில் மஜ்ஜை எடுக்கப்படுகிறது. உயிரணுக்கள் கோடிக் கணக்கை எட்டும்வரை ஆய்வகத்தில் சில வாரங்கள் வளர்கின்றன. புதிய காயத்தின் கொந்தளிப்பு அடங்குவதற்கும் இந்தக் காத்திருப்பு வாய்ப்பாகிறது. பிறகு, குதிரையை மயக்கமின்றி நிற்கவைத்தே, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி குழிக்குள் ஊசி செலுத்தப்படுகிறது. அதன் பிறகு வருவது 48 வாரங்கள்: முதலில் லாய ஓய்வு, பின்னர் கையில் பிடித்து நடத்தல், நடையை மெல்லக் கூட்டுதல், குறுநடை ஓட்டம், கடைசியில் பாய்ச்சல். ஊசி போடுவது ஒரு காலைப்பொழுதின் வேலை. வைத்தியமோ ஓர் ஆண்டு. சூட்டுக்கோலைப் பற்றி எழுந்த கேள்வி இங்கும் எழுகிறது. ஆற்றுவது உயிரணுவா, அல்லது விலையுயர்ந்த உயிரணுவை வாங்கியதால் உரிமையாளன் பொறுமையோடு கடைப்பிடிக்கும் அந்த 48 வாரங்களா?

இந்தக் கேள்வியைக் குருத்தணு ஆய்வாளர்களே முதலில் கேட்டார்கள் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். 2012இல் வெளியான பிரிட்டிஷ் தொகுப்பில், 113 பந்தயக் குதிரைகளை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்ததில், மறுபடி காயம் கண்டவை 27.4 விழுக்காடு. வேறு வைத்தியங்களுக்கு அதற்கு முன் வெளியான எண்களைவிட இது குறைவு. ஆனால் ஒப்பீடு பழைய எண்களோடுதான் நடந்தது. அதே லாயத்தில், அதே ஆண்டில், ஊசிமட்டும் இல்லாமல் ஓய்வெடுத்த குதிரைகளோடு அல்ல. நட்டத்தின் கணக்கு இங்கே மறுபடி குறுக்கிடுகிறது. பந்தயக் குதிரையின் உரிமையாளர் எவரும், தன் குதிரைக்கு வெறும் உப்புநீர் ஊசி போடப்படலாம் என்ற சீட்டுக்குலுக்கலுக்கு எளிதில் சம்மதிக்கமாட்டார். 2013இல் அதே குழு அந்த ஒப்பீட்டைச் செய்தது. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தவை ஓட்ட வாழ்வு முடிந்துவிட்ட 12 குதிரைகள். ஆறுக்குக் குருத்தணு, ஆறுக்கு உப்புநீர், இரண்டு அணிக்கும் ஒரே உடற்பயிற்சித் திட்டம். ஆறு மாதங்களுக்குப் பின் குதிரைகளைக் கருணைக்கொலை செய்து நாண்களை ஆராய்ந்தபோது, குருத்தணு பெற்றவற்றின் நாண்கள் விறைப்புக் குறைந்து, இழையமைப்பில் இயல்பான நாணுக்கு நெருங்கியிருந்தன. பன்னிரண்டு சிறிய எண்ணிக்கை. ஆயினும் சூட்டுக்கோல் தோற்ற தேர்வைப் போன்ற ஒன்றில், குருத்தணு முழுமையாகத் தோற்கவில்லை என்பதற்கு இது சான்று.

எப்படி வேலை செய்கிறது என்பதில் முதல் நம்பிக்கை குலைந்துவிட்டது. செலுத்திய உயிரணு நாண் அணுவாக மாறிக் குழியை நிரப்பும் என்பதே தொடக்கத்தில் சொல்லப்பட்டது. அடையாளமிட்டுப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், செலுத்தியவற்றில் பெரும்பகுதி சில நாள்களிலேயே காணாமற்போயின. எஞ்சியவையும் போனவையும் சுற்றியுள்ள திசுவுக்கு வேதிச் செய்திகளைக் கொடுத்து, அழற்சியை அடக்கி, ஆறும் போக்கைத் திருப்புகின்றன என்பதே இன்றைய விளக்கம். பெயர் சூட்டிய கேப்லனே 2017இல், குருத்தணு என்ற சொல் தவறான எதிர்பார்ப்பைத் தூண்டுகிறது, பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். சந்தை அவர் பேச்சைக் கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்கே ஒரு விலை இருக்கிறது.

2019இல் ஐரோப்பிய ஒன்றியம், குதிரையின் மூட்டு நொண்டலுக்கான ஆர்ட்டி-செல் ஃபோர்ட்டே என்ற பெல்ஜிய மருந்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அங்கு ஒப்புதல் பெற்ற முதல் குருத்தணுக் கால்நடை மருந்து அது. தசைநாணுக்கான ரெனுடெண்ட் 2022இல் வந்தது. இவை நோயாளிக் குதிரையின் சொந்த மஜ்ஜையிலிருந்து வருபவையல்ல. கொடைக் குதிரையின் உயிரணுக்களைப் பெருக்கி உறையவைத்துப் பெட்டியில் விற்கப்படுபவை. குதிரையில் கற்றதை மனிதருக்குக் கொண்டுபோகும் முயற்சியும் நடந்தது: குதிகால் தசைநாண் நோயுள்ள பத்துப் பேருக்கு அவரவர் மஜ்ஜையின் குருத்தணுக்களைச் செலுத்திய ஆய்வை 2024இல் இலண்டன் குழுவினர் வெளியிட்டனர். வழக்கமாக எலியில் தொடங்கி மனிதருக்கு வரும் பாதையில், ஓட்டத்தால் நாண் கெடும் நோயை மனிதரோடு இயல்பாகப் பகிர்ந்துகொள்ளும் குதிரை நடுவில் ஓர் இடம் பிடித்தது.

இந்தியாவில், ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் அறிஞர்கள், குட்டி ஈனும்போது கிடைக்கும் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து இத்தகைய உயிரணுக்களைப் பிரித்து, அவற்றை நாண் அணுவின் திசையில் வளர்க்க முடிவதை 2014இல் வெளியிட்டனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை, இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை நீங்கலாக, மனிதருக்கான குருத்தணுப் பயன்பாடு எதுவும் ஆய்வுக்கு வெளியே வைத்தியமாக விற்கப்படக் கூடாது என்கிறது. அந்த நெறிமுறை மனிதரைப் பற்றியது. லாயத்தின் வாசலில் அது நின்றுவிடுகிறது.

இங்கே குதிரை இன்று யாரிடம் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் எண்ணப்பட்ட குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சுமார் 3.4 லட்சம்; 2012இல் இருந்ததைவிட 45 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. இவற்றில் படையிலும் பந்தயத்திலும் இருப்பவை சிறுபான்மை. கிண்டியில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து பந்தயம் நடந்துவந்தது; அது சூதாட்டமா, திறமையா என்ற வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் திறமை என்று தீர்ப்பளித்தபோது, குதிரையின் பயிற்சியும் உடல்நிலையும் அந்தத் திறமையின் பகுதியாக எண்ணப்பட்டன. அந்த உலகத்துக் குதிரைக்குக் கேள்வி ஊசியின் விலை. பெரும்பான்மைக் குதிரைகள் செங்கல் சூளையிலும், மலையேறும் யாத்திரைப் பாதையிலும், திருமண ஊர்வலத்திலும் உழைப்பவை. அவற்றின் முன்னோடி, சென்னையிலும் சித்தூர் வட்டாரத்திலும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ரயிலடியில் காத்து நின்ற ஜட்காக் குதிரை. அதன் உரிமையாளன் பெரும்பாலும் அதை ஓட்டியவனே; நாள் கூலியில் பாதி அதன் தீவனத்துக்குப் போகும். நாண் வீங்கிய குதிரையை அவன் நிறுத்தினால் அன்று இருவருக்கும் உணவில்லை.

அந்தக் குதிரைக்குச் சூட்டுக்கோல் எட்டியது, ஏனெனில் இரும்பும் கரியும் எங்கும் கிடைத்தன. சில்வரின் ஆய்வு சொன்னபடி பார்த்தால், அதற்கு வேண்டியிருந்தது இரும்பில்லை, ஊசியுமில்லை. கட்டுத்தறியில் பல மாதம் நிற்கவும், அதற்குப் பின் மெல்ல மெல்ல நடக்கவும் ஒரு வாய்ப்பு. நாட்டின் கால்நடை மருத்துவமனைகள் மருந்தை இலவசமாகவோ குறைந்த விலையிலோ தருகின்றன. நொண்டும் குதிரை நிற்கும் நாள்களுக்கு அதை ஓட்டுபவனுக்குக் கூலி தரும் ஏற்பாடு எந்த மருந்துப் பட்டியலிலும் இல்லை. சந்திரகிரியிலிருந்து வந்த அரசன் கடலில் செத்த குதிரைக்கு வாலைப் பார்த்துப் பணம் கொடுத்தான். உயிரோடு நிற்கும் குதிரையின் 48 வாரங்களுக்கு யார் கொடுப்பது என்பது அவன் கணக்கிலும் வரவில்லை.